கொதிப்பது இன்ஜின், கழற்றப்படுவது தெர்மோஸ்டாட்

சித்திரை வெயிலில் காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் முதல் பழி விழுவது தெர்மோஸ்டாட் மீதுதான். “இது பனி கொட்டுற நாட்டுக்கு சார், நமக்கு எதுக்கு?” என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களோ, 88 டிகிரி செல்சியஸில் திறப்பதை எடுத்துவிட்டு, 71-லோ 76-லோ திறப்பதைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டுமே நோயை விட்டுவிட்டுச் செய்யும் வைத்தியம்.

தெர்மோஸ்டாட்டின் வேலை எளிமையானது. சிறிய உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கும். கூலன்ட் சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு வால்வு திறக்கும். 88 என்று பொறித்திருந்தால், அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். அதுவரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்; பிறகு ரேடியேட்டருக்குப் போகும். ஆக, இன்ஜின் எந்தச் சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத்தான் அது பார்த்துக்கொள்கிறது. எதற்கு மேலே ஏறக் கூடாது என்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றின் பொறுப்பு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏசியைப் போட்டுக்கொண்டு, வண்டி நிறைய ஆட்களோடு இரண்டாவது கியரில் ஏறும் காரை நினைத்துப் பாருங்கள். கூலன்ட் 105 டிகிரியைத் தொடும்போது 88-இல் திறப்பதும் அகலத் திறந்திருக்கும். 71-இல் திறப்பதும் அப்படியே. இரண்டுக்கும் அப்போது வித்தியாசமே இல்லை. அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் அடைத்தபடியேதான் இருக்கும். குறைந்த சூட்டிலிருந்து ஏறத் தொடங்கியதால் கொதிநிலை சில நிமிடங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அடியோடு கழற்றுவது இன்னும் மோசம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு தட்டு உண்டு. மேல்வால்வு திறக்கத் திறக்க, கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை அந்தத் தட்டு அடைக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல், சூடு ஆறாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். வேகம் குறைந்த ஏற்றத்தில், எந்தக் கொதிப்பைத் தடுக்க அதைக் கழற்றினார்களோ அந்தக் கொதிப்பே வந்து நிற்கும்.

சமவெளியில் வேறு விலை. காற்று நன்றாக அடிக்கும் நெடுஞ்சாலையில் இன்ஜின் தனக்குரிய சூட்டை எட்டாமலே ஓடும். இன்னும் சூடாகவில்லை என்று சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். ஆயிலில் கலக்கும் நீராவியும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த காபி போலக் கூழ் படிந்திருக்கும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அமில ஈரம் அதை அரிக்கும். இன்றைய பிஎஸ்-6 கார்களில், கூலன்ட் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று ‘செக் இன்ஜின்’ விளக்கே எரியக்கூடும்.

மெக்கானிக்குகளின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூடியபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் ஹெட் கேஸ்கட்டையே காவு வாங்கிவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தவர் அடுத்த வண்டியில் அதைக் கழற்றவே நினைப்பார். மைலேஜுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் கார் கம்பெனிகள் இன்ஜின் சூட்டை ஏற்றிவைத்திருப்பதும் நிஜம். பி.எம்.டபிள்யூவின் சில இன்ஜின்கள் இலேசான ஓட்டத்தில் 105 டிகிரி வரை போகும்; ஆக்சிலேட்டரை அழுத்தினால் கம்ப்யூட்டரே தெர்மோஸ்டாட்டை முன்கூட்டித் திறந்து சூட்டைக் குறைத்துவிடும். டர்போ அழுத்தத்தைக் கூட்டி ஓட்டும் பந்தயக்காரர்கள் ‘நாக்கிங்’ வராமலிருக்கக் குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போடுவதிலும் நியாயம் உண்டு. ஆனால், ஃபேன் எந்தச் சூட்டில் சுழல வேண்டும், கம்ப்யூட்டர் எதைச் சரியான சூடாகக் கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் சேர்த்தே மாற்றுகிறார்கள். வீட்டுக் காரில் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றினால், போக்குவரத்து நெரிசலில் ஃபேன் பழைய சூட்டில்தான் ஓடத் தொடங்கும்.

நம் வண்டிகள் கொதிப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிகிறது. வெளியே தகடுகளின் இடுக்கில் தூசியும் பூச்சியும் அடைக்கின்றன. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். ஃபேன் ரிலே போனாலும் முள் ஏறும். இவற்றைப் பார்க்க அரை நாள் ஆகலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்ற அரை மணி நேரம் போதும். கழற்றுவது வழக்கமானதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தெர்மோஸ்டாட் மீது சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து அடுப்பை ஏற்றச் சொல்லுங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறந்து, ஆறியதும் மூடிக்கொண்டால் அதையே திரும்ப மாட்டலாம். இல்லையென்றால் அதே எண்ணில் புதியது போடட்டும். அதன் பிறகும் முள் ஏறினால் ரேடியேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.