380 கோடி: யார் அளந்தது?

திருச்சி மலைக்கோட்டைப் பாறைக்கு வயது 380 கோடி ஆண்டு, கிரீன்லாந்துப் பாறைகளுக்குச் சமவயது, இமயமலைக்கே மூத்தது என்று சுற்றுலாக் கட்டுரைகளும் காணொளிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே இருக்கின்றன. ஆதாரம் எங்கே என்றால் இரண்டு கனிமங்களைக் கைகாட்டுகிறார்கள்: கண்ணாடி செய்யும் குவார்ட்ஸ், பீங்கான் செய்யும் ஃபெல்ட்ஸ்பார்.

கிரானைட் என்று பேர் வாங்கிய எந்தக் கல்லிலும் இந்த இரண்டும் இருக்கும். கங்கோத்ரியின் வெளிர் கிரானைட்டிலும் இருக்கின்றன. அதன் வயது இரண்டு கோடியைச் சற்றே தாண்டும். மூக்கும் முழியும் இருப்பதால் இவருக்கு நூறு வயது என்பதுபோல்தான் இருக்கிறது வாதம்.

இமயமலைக்கு மூத்தது என்பது ஒரு பெருமையா? இந்தியா ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்புதான். திருச்சிப் பக்கத்துக் கருடமங்கலத்தின் சுண்ணாம்புக்கல்லில் பதிந்து கிடக்கும் சிப்பிகூட அதற்கு மூத்ததுதான். சிப்பி ஜெயித்த பந்தயத்தில் மலைக்கோட்டைக்கு எதற்குப் பரிசு?

கிரீன்லாந்து உறவு இன்னும் மோசம். அங்கே இசுவாவில், கடலடியில் கக்கிய எரிமலைக் குழம்பு நீர் பட்டுத் தலையணை தலையணையாக உறைந்த பாறைகள் உண்டு. மலைக்கோட்டைப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து படிகமானது. வேதியியல் பேசுவதானால் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எந்த ஃபெல்ட்ஸ்பார் என்பதே கேள்வி. மிகப் பழைய கண்டப்பாறைகள் பெரும்பாலும் சோடியம் மிகுந்த டோனலைட் வகை; பசால்ட் உருகிப் பிறந்தவை. அவை மறுபடி உருகித்தான் பொட்டாசியம் ஏறிய கிரானைட்டுகள் பெருகின. 380 கோடிக்காரர்கள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வயது இருப்பது சிர்க்கானில். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள படிகம். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. யுரேனியம் 238 மெல்லச் சிதைந்து ஈயமாகும்; அது பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். ஆகவே உள்ளே சேர்ந்த ஈயத்தை மிச்சமிருக்கும் யுரேனியத்தோடு ஒப்பிட்டு அளந்தால் வயது வந்துவிடும். பாறை மறுபடி வெந்திருந்தால் ஒரே படிகத்தின் நடுவில் ஒரு வயதும் விளிம்பில் வேறு வயதும் இருக்கும். அப்படி அளந்ததில் சேலம், நாமக்கல் பக்கத்துச் சார்னோகைட் என்னும் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. காவிரிக்குத் தெற்கே மதுரை வரை, 55 கோடி ஆண்டு வாக்கில் மறுபடி வெந்த பாறைகளும் அப்போது புகுந்த கிரானைட்டுகளும் நிறைய. இரண்டுக்கும் நடுவே இருக்கும் திருச்சிக்கு மட்டும் 380 கோடி எந்த வழியாக வந்தது?

பழசுதான் வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கி மணலை அள்ளுங்கள். காவிரி பிறக்கும் குடகில் 300 கோடி ஆண்டைத் தாண்டிய பாறைகள் அளந்து உறுதியானவை. அங்கிருந்து உருண்டு வந்த ஒரு சிர்க்கான் உங்கள் கையில் சிக்கினால், எதிரே தெரியும் மலையைவிட அதுவே மூத்ததாக இருக்கலாம்.

ஊர்ப்பெருமையைக் கெடுக்கிறாயே என்பார்கள். மகேந்திரவர்மன் இதே கல்லைக் குடைந்து கங்காதரரைச் செதுக்கியது ஏழாம் நூற்றாண்டில். அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. பெருமைக்கு அது போதாதா?

380 கோடி என்று இனி எழுதுகிறவர் எந்த ஆய்வகம், எந்தப் படிகம், பிழைவரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்து எழுதட்டும். முடியாவிட்டால் அந்த எண்ணை அடித்துவிடட்டும்.