அச்சத்தின் முதல் மணி நேரம்: ஜமாஅத்துகளின் கடமை என்ன?



திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் நாம் தொழிற்சாலைகளுக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் நடுவே வாழ்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் முதல் மீஞ்சூர், அத்திப்பட்டு வரை நம் பிள்ளைகளின் ரிஸ்க் அந்த ஆலைகளோடு பிணைந்துள்ளது. ஆகவே விபத்து நேரும் வேளையில் எப்படி நடந்துகொள்வது என்பதும் நாம் கற்க வேண்டிய மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியே என்பது எமது கருத்து.

அண்மைக் கால நிகழ்வுகள் மூன்றைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு, கவரைப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் கிளைப் பாதையில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் பற்றியெரிந்து, 18 டாங்கர்கள் தீக்கிரையாயின.

பின்னிரண்டு விபத்துகளிலும் ஓர் உயிரும் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ்வின் அருளுக்குக் காரணமாக அமைந்த மனித முயற்சியையும் நாம் மறக்கலாகாது. தீப்பற்றிய ரயிலில் எரியாத டாங்கர்கள் பிரித்து அகற்றப்பட்டன. உயரழுத்த மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அருகிலிருந்த வீடுகளிலிருந்து மக்களும் எரிவாயு உருளைகளும் வெளியேற்றப்பட்டன. யார் எதைச் செய்வது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இவ்வளவும் சில மணி நேரத்துக்குள் நடக்கும். எண்ணூர் மக்களுக்கு அந்த இரவில் கிடைக்காததும் அதுவே. அம்மோனியா நீரில் எளிதில் கரையும் வாயு. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும் என்ற ஒரு வரிச் செய்தி எத்தனை வீடுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது?

மதீனாவில் ஓரிரவு பெரும் சப்தம் கேட்டு மக்கள் திடுக்கிட்டு எழுந்த நிகழ்ச்சியை நம் மாணவர்கள் ஹதீஸ் பாடத்தில் படிக்கிறார்கள். சப்தம் வந்த திசை நோக்கி மக்கள் புறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில் சேணமின்றி ஏறி, அவர்களுக்கு முன்பே அங்கே சென்று, நிலைமையைக் கண்டறிந்து, திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அஞ்ச வேண்டாம் என்று அவர்களுக்கு ஆறுதல் கூறினார்கள். பாதுகாப்புப் பொறுப்பில் இருப்போர்க்குரிய இலக்கணம் இதில் அடங்கியுள்ளது: முதலில் செல்லுதல், நேரில் அறிதல், அறிந்ததை மக்களுக்கு உடனே தெளிவாகச் சொல்லுதல். அதிகாரிகள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் வதந்தி நிரப்பிவிடும்.

மக்களுக்குரிய இலக்கணத்தை அன்னிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் கற்பிக்கிறது. அச்சம் பற்றிய செய்தி எட்டியதும் அதைப் பரப்பிவிடுவோரை அது கண்டிக்கிறது. பொறுப்புடையோரிடம் கொண்டு செல்லுமாறு வழிகாட்டுகிறது. இதன் அருமையை நம் சமுதாயம் மற்றவரைவிட நன்கு உணர வேண்டும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் நேர்ந்த ரயில் விபத்துக்குப் பின், இருப்புப் பாதையருகே இருந்த வெண்ணிறக் கட்டடத்தைப் பள்ளிவாசல் என்று கூறி, பழியை முஸ்லிம்கள் மீது சுமத்தினர். அது உண்மையில் இஸ்கான் கோயில். வதந்தி பரப்பினால் நடவடிக்கை என்று ஒடிசா காவல்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. வதந்தியால் காயப்பட்ட நாமே, சரிபாராத குரல் பதிவை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது தகுமா?

‘அல்லாஹ் விதித்ததுதான் நடக்கும், நாம் என்ன செய்ய?’ என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. கொள்ளை நோய் பரவிய ஷாம் தேசத்தை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தோழர்களை ஒவ்வோர் அணியாக அழைத்து ஆலோசித்து, பின்னர் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாகக் கூறினார்கள். தவக்குல் என்பது ஏற்பாட்டுக்கு மாற்று அன்று.

நாட்டின் சட்டமும் நமக்கு ஓர் இடம் தந்துள்ளது. அபாயகரமான வேதிப்பொருள்களைக் கையாளும் ஆலைகள், விபத்தின்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றுப்புற மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. போபாலின் பேரழிவு தந்த பாடம் அது. 1996ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட அளவிலும் தொழிற்பகுதி அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும். தொழிற்பகுதிக் குழுவில் உள்ளூர் மக்களின் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அதில் நம் ஊர் சார்பில் யார் இருக்கிறார், ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்று எந்த ஜமாஅத்தாவது மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் கேட்டதுண்டா? கேட்பது நம் உரிமை. அண்டை வீட்டாருக்காகக் கேட்பது நம் கடமை.

பள்ளிவாசல்கள் உடனே செய்யக்கூடியவையும் உள்ளன. நடக்க இயலாத முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலை மத வேறுபாடின்றித் தெரு வாரியாகத் தயாரித்து வைக்கலாம். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் ஒருவரே, அதுவும் காவல்துறை அல்லது தீயணைப்புத் துறை உறுதிசெய்த செய்தியை மட்டுமே, என்று நிர்வாகம் தீர்மானிக்கலாம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே உழைக்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்பு புரியாது. உருது அறிந்த நம் ஆலிம்கள் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். வேடிக்கை பார்க்க வாகனங்களில் சென்று ஆம்புலன்ஸின் வழியை அடைக்கலாகாது என்பதை ஜும்ஆ உரையில் இளைஞர்களுக்கு வலியுறுத்தலாம். 112 என்ற எண்ணை அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்ல மதரஸாப் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்குப் பத்து நிமிடம் போதும்.

பொறுப்பிலுள்ளோர் தம் கடமையைச் செய்யட்டும். அவர்கள் வந்து சேரும் வரை கழியும் அந்த முதல் மணி நேரம் நம்முடையது. அதில் பீதியைப் பரப்பியோராக அல்லாமல், உயிர் காத்தோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.