கூச்சல் எழட்டும்; திரை விழ வேண்டாம்!

1976-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில், வாக்னரின் 'ரிங்' எனும் ஓபராத் தொடர் தனது நூற்றாண்டைக் கண்டது. பிரெஞ்சு இயக்குநர் பத்ரீஸ் ஷெரோ, புராணக் கதையைத் தொழிற்புரட்சிக் காலத்துக்கு மாற்றி, ரைன் நதிக்கரையில் ஓர் அணைக்கட்டை நிறுத்தினார். ரசிகர்கள் கொதித்தனர், விசில்களைக் கையோடு கொண்டுவந்து ஊதினர். அதே தயாரிப்பு 1980-இல் விடைபெற்றபோது, கரவொலி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடித்தது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதைக் காணும்போது ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூல் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதிருப்தியுற்றோருக்கு விலகிச் செல்லுதல், குரல் எழுப்புதல் என இரு வழிகள் உண்டு என்றார் அவர். பைராய்ட் ரசிகர்கள் குரல் எழுப்பினர். ஷெரோ அடுத்தடுத்த ஆண்டுகளில் சில காட்சிகளைத் திருத்தினார். ரசிகர்களும் மீண்டும் பார்த்தனர். இரு தரப்பும் மாறுவதற்குக் காலம் இருந்தது.

அந்தக் காலம் மறுக்கப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மோசார்ட்டின் 'இடொமெனியோ' 2003-இல் பெர்லினில் அரங்கேறியபோது, சமய நிறுவனர்களின் துண்டித்த தலைகள் காட்டப்பட்டதால் அரங்கில் எதிர்ப்பொலி எழுந்தது. ஆனால், 2006-இல் அதன் காட்சிகளை ரத்து செய்ய வைத்தது ரசிகர்களின் கூச்சலன்று. தாக்குதல் நடக்கலாம் என்ற அச்சமே. கடும் கண்டனத்துக்குப் பின், அவ்வாண்டு டிசம்பரில் பலத்த பாதுகாப்புடன் அது மீண்டும் மேடையேறியது.

டியூசல்டார்ஃப் நிகழ்வு இன்னும் கடினமானது. அங்கு 2013-இல் 'டான்ஹாய்சர்' ஓபரா நாஜிப் படுகொலைக் காட்சிகளுடன் அரங்கேறியது. பார்வையாளர் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. சில நாள்களிலேயே காட்சியமைப்பு கைவிடப்பட்டு, இசை மட்டும் நிகழ்த்தப்பட்டது. அந்த வேதனை மெய்யானது; அதை எள்ளி நகையாட இயலாது.

பொதுப் பணத்தில் இயங்கும் அரங்கில் வரி செலுத்துவோருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மேடையில் என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அறியும் உரிமை. பிடிக்காவிட்டால் எழுந்து செல்லும் உரிமை. உரக்கக் கண்டிக்கும் உரிமை. பிறர் பார்ப்பதைத் தடுக்கும் உரிமை அதில் அடங்காது.

நுழைவுச்சீட்டு வருவாயை மட்டுமே நம்பும் அரங்கால் நான்காண்டுகள் பொறுத்திருப்பது அரிது. அந்தப் பொறுமைக்கு அரசு தரும் விலையே மானியம். முதல் வாரக் கூச்சலுக்கே திரையை இறக்கிவிட்டால், அந்த விலையைக் கொடுத்தும் பொருளைப் பெறாதவர்களாகிறோம்.