மைசூரில் அரண்மனைக்கு அப்புறம் என்ன?

மைசூரில் குடியிருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்குச் சுற்றிக்காட்ட ஒரு ரெடிமேட் பட்டியல் கைவசம் இருக்கும். காலையில் சாமுண்டி மலை, அப்புறம் ஜூ, மத்தியானம் அரண்மனை, சாயங்காலம் பிருந்தாவன். திரும்பும்போது ரெண்டு கிலோ மைசூர்பாகு. முடிந்தது. விருந்தாளி ரயில் ஏறியதும் நாம் பழையபடி மால், சினிமா, தூக்கம். மூணு நாள் லீவு சேர்ந்து வந்தால் அடித்துப்பிடித்து டிக்கெட் போட்டு ஊருக்கு. பத்து வருஷம் ஆனாலும் இதே கதைதான்.

ஊருக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஊர் என்று திருநெல்வேலியோ தஞ்சாவூரோ இருக்கிறது. இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு அது தாத்தா வீடு, அவ்வளவுதான். மைசூரையும் நாம் காட்டவில்லை என்றால் அதற்கு ஊர் என்று எது மிஞ்சும்? அபார்ட்மென்டும் ஸ்கூல் பஸ்ஸும்தானே?

என்னைக் கேட்டால், இந்த ஊரைப் பட்டியல் வைத்துப் பார்க்கக் கூடாது, காலண்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்கழி, தையில் நஞ்சன்கூடு பக்கத்தில் இருக்கும் ஹதினாரு ஏரிக்குப் போங்கள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அங்கே கூட்டமாக இறங்கும். பிழைப்புக்காக வெளியூர் வந்து தங்குகிற விஷயத்தில் நமக்கு அவை சீனியர் :-) கொஞ்ச நாள் கழித்து மத்தூர் பக்கம் கொக்கரே பெள்ளூர் போனால், ஊருக்கு நடுவே புளியமரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். கீழே வாசலில் எச்சம் விழுகிறதே என்று யாரும் கல் எறிவதில்லை. பிரசவத்துக்கு வந்த பெண்ணைக் கவனிக்கிற மாதிரி ஊரே கவனித்துக்கொள்கிறது. எந்த ஜூவிலும் இதைப் பார்க்க முடியாது.

பங்குனியில் நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் பெரிய தேர். அஞ்சு தேர் ஓடும். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் நடக்கிற அதே பங்குனி. இந்தக் கோயிலுக்குள்ளும் அறுபத்து மூன்று நாயன்மார் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. மைசூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். அதே பருவத்தில் மேல்கோட்டையில் வைரமுடி சேவை. ராமானுஜர் சோழ நாட்டை விட்டு வந்து பல வருஷம் தங்கிய திருநாராயணபுரம் அதுதான். கூட்டம் ஒத்துவராதவர்கள் வேறொரு சாதாரண நாளில் போய்க் குளக்கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆடிக்கு வருவோம். ரங்கனதிட்டில் அப்போது பல சமயம் படகு விட மாட்டார்கள், கே.ஆர்.எஸ். திறந்தால் ஆற்றில் வெள்ளம். அதனால் பறவை பார்க்கிற திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு சிவனசமுத்திரம் போங்கள். ககனசுக்கியும் பரசுக்கியும் முழு வேகத்தில் விழும் நேரம் அது. 1902ல் அங்கிருந்துதான் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். வேலை தேடி இந்த மாநிலத்துக்கு வந்ததில் நாம் முதல் தலைமுறை இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

கே.ஆர்.எஸ். 124.80 அடி நிரம்பினால் கர்நாடக முதல்வர் வந்து 'பாகின' கொடுப்பார். முறத்தில் புடவை, மஞ்சள், குங்குமம், வளையல் வைத்துக் காவிரிக்குச் சமர்ப்பிப்பது. அதே தண்ணீர் சில நாளில் ஒகேனக்கல் தாண்டி மேட்டூர் சேரும். அங்கே நம் அம்மாக்கள் பதினெட்டாம் பெருக்கன்று காதோலை கருகமணி விடுவார்கள். 1991லும் 2016லும் இந்த ஆற்றை வைத்து என்னென்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஆற்றுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சீர் செய்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மழை விடாத ஞாயிறுகளுக்கு ஊருக்குள்ளேயே இடம் இருக்கிறது. யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீடு. 1906ல் சென்னையில் பிறந்தவர், மைசூரில்தான் வாழ்க்கையின் பெரும்பகுதி. 2011ல் இடிக்க ஆரம்பித்த வீட்டை மைசூர்க்காரர்கள் எதிர்ப்புக் காட்டி நிறுத்தினார்கள், 2016ல் மியூசியம் ஆனது. வெளியூரில் பிறந்த ஒருவரின் வீட்டைத் தங்கள் சொத்து என்று காப்பாற்றியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, 1891ல் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். 1905ல் சாம சாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்தது அங்கேதான். கிரந்த எழுத்தில் இருந்த அந்த ஓலைச்சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு தஞ்சாவூர்ப் பண்டிதர்.

'எங்கே போனாலும் தமிழன் தடம் தேடுகிற வியாதியா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் தடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது வியாதிதான். ஆனால் பழக்கமில்லாத வீட்டுக்குள் நுழைய ஏதாவது ஒரு வாசல் வேண்டாமா? அறுபத்து மூவரைப் பார்க்கப் போகிற பிள்ளை, கூடவே தேர் இழுக்கிற ஊர் ஜனத்தையும் பார்க்கும். ரெண்டு வார்த்தை கன்னடம் பேசும். 'எல்லிந்த பந்த்ரி?' என்று யாராவது கேட்டால் 'மைசூரு' என்று தயங்காமல் சொல்லும். எனக்கு அது போதும்.

ஒரே ஒரு யோசனை. அடுத்த லாங் வீக்எண்டுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் 'இந்த மாசம் இங்கே எங்க போகலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். எந்த வெப்சைட்டிலும் இல்லாத ஒரு ஏரி, ஒரு ஜாத்திரை, ஒரு தோசைக்கடை நிச்சயம் சொல்வார். அனேகமாக 'நாங்களும் வர்றோம்' என்பார். பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.