காலம் போனால் தண்டமும் போமோ?

வடமராட்சித் தாயார் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் எம்மைச் சிந்திக்க வைத்தது. அவருடைய மகன் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளிற் சென்றபோது பொலிசார் மறித்து, சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, தண்டச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தனராம். பிள்ளையோ வீட்டாருக்கு ஒன்றுஞ் சொல்லாது அதனைப் புத்தகத்தினுள் ஒளித்துவைத்துவிட்டான். மூன்று மாதங் கழித்து, தூசு தட்டும் வேளையில் சீட்டுத் தாயின் கையில் அகப்பட்டது. "பழங்கடனுக்கு மூன்று வருடந்தான் ஆயுள், இதுவும் அப்படித்தான்" என்கிறார் அயலவர். "ஆறு மாதம் போனால் வழக்கே இல்லை" என்று சென்னையிலிருந்து தொலைபேசியிற் சொல்கிறார் அம்மான். "பேசாமல் இருந்துவிடலாமா?" என்று கேட்கிறார் தாயார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் இப்பிள்ளைக்குப் பொருந்தா.

முதலிற் கடனை எடுத்துக்கொள்வோம். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில்லாது கொடுத்த கடனுக்கு 3 ஆண்டினுள்ளும், எழுதிக் கைச்சாத்திட்ட பொறுப்புக்கு 6 ஆண்டினுள்ளும், கடையிற் கொடுத்த சாமானின் விலைக்கு 1 ஆண்டினுள்ளும் வழக்கிடல் வேண்டும். தன் உரிமையைக் கேளாது உறங்குபவனுக்குச் சட்டம் துணை நில்லாது என்பதே இதன் கருத்து. உறங்காது விரட்டப்பட்டவன் நிலை வேறு. ஆதலாலன்றோ, போரினால் காணியை மீட்க வழக்கிட முடியாதிருந்தோர்பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேராது விடுதற்கு 2016 இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது! ஆனால் இவையெல்லாம் ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான வழக்குகள். தண்டமோ குற்றத்தின்பாற்பட்டது.

இனி, அம்மான் சொன்ன ஆறு மாதம். இந்தியாவில், தண்டம் மாத்திரமே விதிக்கத்தக்க குற்றத்தை நீதிமன்றம் பொதுவாக 6 மாதத்தினுள் விசாரணைக்கு ஏற்றல் வேண்டும். விதித்த தண்டத்தையும் தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டினுள் அறவிடலாம்; குற்றவாளி இறப்பினும் அவன் விட்டுச்சென்ற சொத்து அதற்குப் பொறுப்பாகும். ஆனால் பாக்குநீரிணையைக் கடந்து அந்தச் சட்டம் இங்கு வாராது.

எமது நாட்டில் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் கால எல்லையே வைக்கவில்லை. ஏனைய குற்றங்களுக்கு, வேறு சட்டம் தனி விதி வகுத்தாலன்றி, 20 ஆண்டு என்கிறது. மூன்று மாதம் எங்கே, இருபது ஆண்டு எங்கே!

அன்றியும், தண்டச் சீட்டுக்கெனத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 14 நாளினுள் தபாற்கந்தோரிற் பணங்கட்டிப் பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்திற் காட்டினால், அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும், காரியம் முடிந்தது. அது கடந்து 28 நாளினுள் ஆயின் தண்டம் இரட்டிக்கும். அதுவுங் கடந்தால் நீதவான் முன்னிலையில் வழக்கு. அழைப்பாணையை மதியாதவனுக்குப் பிடியாணை பிறக்கும். பிடியாணையோ நிறைவேற்றப்படும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே நீக்கும் வரை உயிரோடிருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்று கேட்கும் நாளில் அது எதிரே வந்து நின்றால் என் செய்வது? மேலும், அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாக அச்சீட்டு உதவுவதும் அந்த 14 நாளுக்கே. அதன்பின்னும் பிள்ளை வண்டி ஓட்டியிருந்தால், ஒரு பிழை இரண்டாகியிருக்கும்.

ஆகவே அம்மா, பேசாமல் இருத்தல் ஆகாது. மகனையும் சீட்டையும் அழைத்துக்கொண்டு, அதனை எழுதிய பொலிஸ் நிலையத்துக்கே செல்லுங்கள். பருத்தித்துறை, யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய நீதவான் நீதிமன்றங்களுள் எதில், எத்திகதியில் வழக்கு என்பதை அறிந்து, அந்நாளில் தவறாது தோன்றச் செய்யுங்கள். தண்டத்தை ஒரேயடியாகக் கட்ட வசதியில்லையேல், அதனை மன்றிற் பணிவாகக் கூறலாம்; தவணை கொடுக்கவும், பகுதி பகுதியாகக் கட்ட அனுமதிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. கேளாதும் கட்டாதும் இருப்பவனுக்கே மறியல் காத்திருக்கிறது. சட்டத்தரணியை அமர்த்த இயலாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம்.

ஈற்றில், கடிதத்திற் கேளாத கேள்வி ஒன்றுக்கும் விடை கூறத் தோன்றுகிறது. பிள்ளை ஏன் ஒளித்தான்? பொலிசாருக்கு அஞ்சியல்ல, வீட்டில் விழும் ஏச்சுக்கு அஞ்சியே என எண்ணுகிறோம். அன்றிரவே சொல்லியிருந்தால் தபாற்கந்தோர் வாசலோடு முடிந்திருக்கும். ஆதலின், சீட்டைக் கண்டதும் எழுந்த கோபத்தைச் சற்றே அடக்கி, அடுத்த முறை எதுவாயினும் முதலில் உங்களிடமே வந்து சொல்லும் துணிவை அவனுக்குக் கொடுங்கள். தலைக்கவசத்தையும் கையிற் கொடுத்து அனுப்புங்கள்.