சிலிக்கனின் குறைகளும் எங்கட கண்டுபிடிப்புக் கண்காட்சிகளும்

பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடக்கிற கண்டுபிடிப்புக் கண்காட்சிகளுக்குப் போனால் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு ஆர்டுயினோ பலகை, ஒன்றிரண்டு சென்சர், ஒரு சின்னத் திரை, போனில் ஒரு ஆப். ஒன்று குப்பைத்தொட்டி நிறைந்தால் செய்தி அனுப்பும். இன்னொன்று மண் காய்ந்தால் மோட்டரைப் போடும். நான் இவற்றைக் கேலி செய்ய வரவில்லை. வயரைப் பிடித்து ஒரு சாமானை வேலை செய்ய வைத்த பிள்ளைக்கு, புத்தகத்தை மட்டும் பாடமாக்கிய பிள்ளையை விட நாலு விஷயம் கூடத் தெரியும்.

பிரச்சினை நடுவர்கள் கேட்கிற கேள்விகளில் இருக்கிறது. "இதால என்ன பிரயோசனம்? எவ்வளவு முடியும்? விக்கலாமா?" இந்த மூன்றோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சென்சர் எதை வைத்து உணருகிறது, அதற்குப் போகிற 5 வோல்ற் ஏன் எப்போதும் 5 வோல்றாகவே நிற்கிறது என்று கேட்கிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. கேட்கப்படாத அந்த இரண்டு கேள்விகளுக்குள்தான் கடந்த அறுபது, எழுபது வருடத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் சில கிடக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் புதுச் சாமான் எதையும் தேடிப் போகவில்லை. எல்லாரும் "இது சிலிக்கனின் குறை" என்று அலுத்துக்கொண்ட விஷயத்தை எடுத்து, "குறை எண்டால் சரியா எவ்வளவு?" என்று அளந்தார்கள். அவ்வளவுதான்.

வோல்ற்றேஜைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்று எங்கட ஆக்களுக்கு நீட்டி விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். கை களைத்தால் சத்தம் இறங்கும், உடனே யாராவது "இறுக்கிச் சுத்தடா" என்பார்கள். மின்னியலில் பின்னூட்டம் என்று படிக்கிறது இதைத்தான். காது அளக்கிறது, மனதில் இருக்கிற "இவ்வளவு சத்தம் வேணும்" என்ற அளவோடு ஒப்பிடுகிறது, வித்தியாசத்தைக் கை சரிசெய்கிறது. பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் கிளிக், கிளிக் என்கிற ஸ்ரபிலைசரும் இதையே செய்கிறது. போன் சார்ஜருக்குள் இருக்கிற ஐ.சி.யும் இதையேதான் செய்கிறது.

அளப்பதும் திருத்துவதும் பெரிய கஷ்டமில்லை. கஷ்டமானது நடுவில் இருக்கிற அந்த அளவுகோல். மனிதருக்கு மனதில் ஒரு அளவு இருக்கிறது. ஒரு மணல் துண்டுக்கு 5 வோல்ற் என்றால் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

உயர்தரப் பௌதிகவியலில் இதற்கு ஒரு விடை சொல்லித்தருவார்கள்: சேனர் இருவாயி. பரீட்சைக்கு அது போதும். ஆனால் வெப்பநிலை மாறினாலும் அசையாமல் நிற்கிற நல்ல சேனர்கள் 6, 7 வோல்றை ஒட்டித்தான் கிடைத்தன, இரைச்சலும் கூட. தர்க்கச் சுற்றுகளோ 5 வோல்றில் ஓடத் தொடங்கியிருந்தன. 7 வோல்ற் அளவுகோலை வைத்துக்கொண்டு அதைவிடக் குறைந்த மின்வழங்கலில் ஓடுகிற ஒரு ஐ.சி.யைச் செய்ய முடியாது.

சிலிக்கன் திரான்சிற்றரின் அடி, காலி முனைகளுக்கு இடையில் ஏறத்தாழ 0.65 வோல்ற் நிற்கும். இதை அளவுகோலாக எடுக்கலாம்தான். ஆனால் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அது சுமார் 2 மில்லிவோல்ற் இறங்கிவிடும். வெயிலில் ஒன்று, ஏ.சி. அறையில் வேறொன்று காட்டுகிற அடிமட்டத்தை வைத்து என்ன செய்வது? இதுதான் எல்லாரும் அலுத்துக்கொண்ட குறை.

1964இல் பெயார்சைல்ட் நிறுவனத்தில் டேவிட் ஹில்பிபர் காட்டிய வழியை, பிறகு நாஷனல் செமிகண்டக்டரில் பொப் விட்லர் ஐ.சி.க்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இரண்டு திரான்சிற்றர்களை வேறு வேறு மின்னோட்ட அடர்த்தியில் ஓடவிட்டால், அவற்றின் அடி–காலி வோல்ற்றேஜ்களுக்கு இடையில் ஒரு சிறிய வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் சூட்டோடு ஏறும். அடர்த்தி பத்துக்கு ஒன்று என்றால் அறை வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ற். பாகைக்கு 0.2 மில்லிவோல்ற் ஏற்றம். அதைப் பத்தால் பெருக்குங்கள்: பாகைக்கு 2 மில்லிவோல்ற் ஏற்றம், அளவு 0.6 வோல்ற். இப்போது இறங்குகிற அந்த 0.65ஐயும் ஏறுகிற இந்த 0.6ஐயும் கூட்டுங்கள். ஏற்றமும் இறக்கமும் வெட்டுப்பட்டுப் போக, மிஞ்சி நிற்பது 1.25 வோல்ற் அளவில், சூடு குளிருக்கு அசையாத ஒரு எண்.

இந்த எண் சும்மா விழுந்ததுமில்லை. தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு நீட்டிக் கணித்தால் வருகிற சிலிக்கனின் சக்தி இடைவெளியை ஒட்டித்தான் அது நிற்கிறது. எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் சிலிக்கன் சிலிக்கன்தானே. அளவுகோலை வெளியில் தேடாமல், பொருளின் இயல்பையே அளவுகோலாக்கினார்கள். விட்லரின் எல்.எம்.109, மூன்றே கால்களுடன் 5 வோல்ற் தருகிற ரெகுலேற்றர், இந்த வழியில் வந்தது. 1974இல் போல் புரோக்கோ இதையே இன்னும் சுத்தமான சுற்றாக ஆக்கினார். எங்கட பொடியள் பத்துக்குப் பத்தாக வாங்கி வைத்திருக்கிற 7805க்குள்ளும் இதே தந்திரம்தான்.

(விட்லர் ஆள் ஒரு மாதிரி. பிழைத்துப்போன உதிரிப்பாகத்தைச் சுத்தியலால் தூளாக்கும்வரை அடிப்பாராம். கம்பனி புல்வெட்டும் செலவைக் குறைத்தபோது புல் மேய ஒரு செம்மறியைக் கொண்டுவந்து விட்டவர். இந்தக் கதைகளை எல்லாரும் சொல்லுவார்கள். அந்த 1.25 வோல்ற் எப்படி வந்தது என்பதைச் சொல்லுகிறவர்கள் குறைவு.)

இதே சுற்றில் ஏறுகிற பகுதியை மட்டும் தனியே எடுத்தால் என்ன வரும்? சூட்டுக்கு நேர்விகிதமாக ஏறுகிற வோல்ற்றேஜ். அதாவது வெப்பமானி. ரெகுலேற்றர் செய்பவருக்குத் தொல்லையாக இருந்தது, சென்சர் செய்பவருக்குச் சரக்கு.

இரண்டாவது குறை இழுவிசை. 1954இல் பெல் ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் ஸ்மித், ஜேர்மானியத்தையும் சிலிக்கனையும் இழுத்தால் அவற்றின் மின்தடை எவ்வளவு மாறுகிறது என்று அளந்து எழுதினார். உலோகக் கம்பியை விடப் பல பத்து மடங்கு கூடிய மாற்றம். சுற்று செய்பவருக்கு இது தலையிடி. ஐ.சி.யைப் பிளாஸ்ரிக் உறைக்குள் அடைத்து அது ஆறிச் சுருங்கும்போது உள்ளே இருக்கிற சிலிக்கன் நெரிபடுகிறது, கஷ்டப்பட்டு எடுத்த அந்த அளவுகோல் வோல்ற்றேஜ் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. இன்றைக்கும் நல்ல அளவுகோல் ஐ.சி. செய்பவர்கள் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இதே நெரிபாட்டை வேண்டுமென்றே வரவழைத்தால் அழுத்தமானி கிடைக்கும். சிலிக்கன் தகட்டைப் பின்பக்கத்தால் காரக் கரைசலில் அரிக்கவிட்டு ஒரு மெல்லிய சவ்வை மட்டும் மிச்சம் விடுகிறார்கள். பளிங்கின் சில தளங்களைக் கரைசல் மிக மெதுவாகத்தான் அரிக்கும் என்பதால், குழியின் சுவர்கள் தாங்களாகவே 54.7 பாகைச் சரிவில் வந்து நிற்கின்றன. உளி பிடிக்க ஆள் தேவையில்லை. சவ்வின் மேல் நாலு தடைகள். அவற்றை இணைத்திருப்பது எங்களுக்கு நல்லாத் தெரிந்த உவிற்றன் பாலம். காற்று சவ்வை அமத்த, பாலம் சமநிலை குலைகிறது, வோல்ற்றேஜ் வருகிறது. 1982இல் கேட் பீற்றர்சன் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, சிலிக்கன் மின்சாரத்துக்கு மட்டுமில்லை, வளைகிற, அதிர்கிற, தாங்குகிற பொறிமுறைப் பொருளும்தான் என்று இந்தத் துறையையே திரட்டிக் காட்டியது. பிறகு வாகனத்தின் காற்றுப்பைக்கு மோதலைச் சொல்லுகிற சில்லு, போன் சரிவதை உணருகிற சில்லு எல்லாம் வரிசையாக வந்தன.

இனிக் கண்காட்சி மேசைக்கு வருவோம். அங்கே அடிக்கடி காண்கிற சென்சர்களில் ஒன்று பி.எம்.பி.280. நீளத்தில் ஒரு அரிசிமணியை விடச் சின்னது. மாடிப்படி ஏறினால் காற்றழுத்தம் குறைவதை அது காட்டும். ஒரு மாடி உயரத்துக்கு வித்தியாசம் சுமார் 0.36 ஹெக்ரோபஸ்கால்தான், வளிமண்டல அழுத்தத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. இதை அது எப்படிப் பிடிக்கிறது? அதற்குள் ஒரு வெப்பமானியும் இருக்கிறது. சிலிக்கன் சூட்டுக்கு மாறும் என்பதால், முதலில் சூட்டை அளந்து, அந்தப் பிழையைக் கழித்துத்தான் அழுத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் அதன் சொந்தப் பிழைகளைத் தொழிற்சாலையிலேயே அளந்து, 12 எண்களாக அதற்குள்ளேயே பதிந்து அனுப்புகிறார்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு சில்லுகள்கூட ஒரே மாதிரி இல்லை என்ற ஒப்புதல் அந்த 12 எண்களில் இருக்கிறது.

எங்கட மாணவர் இதைக் காண்பதே இல்லை. இணையத்தில் இருந்து இறக்கிய நிரல் அந்த 12 எண்களையும் வாசித்து, கழித்து, சுத்தமான விடையைத் திரையில் போட்டுவிடுகிறது. அவர் காண்பது ஒரு எண்ணை. கண்டுபிடிப்பு முழுதும் அதற்கு முந்திய வரியில் முடிந்துபோயிருக்கிறது. இது பிள்ளையின் குற்றமில்லை. பிழையைக் காட்டினால் புள்ளி குறையும், பளிச்சென்று வேலை செய்தால் கிண்ணம் கிடைக்கும் என்று நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

"இதெல்லாம் கோடிக்கணக்கில் காசு போட்ட நாடுகளின் வேலை, எங்களிட்ட எங்க தொழிற்சாலை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சில்லு செய்ய எங்களிடம் வசதி இல்லை, உண்மை. ஆனால் வோல்ற்றேஜ் கட்டுப்பாட்டில் ஒரு இலங்கையர் செய்த வேலையை எடுத்துப் பாருங்கள். நிஹால் குலரத்ன பேராதனையில் பொறியியல் படித்தவர். மொரட்டுவை கட்டுபெத்தையில் இருக்கிற ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஆய்வுப் பொறியியலாளராக இருந்து, பிறகு அதற்கே தலைமை தாங்கியவர். 2002 அளவில் நியூசிலாந்து போய், அங்கே வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கியது 'ஸ்கால்டோ' என்ற வகை ரெகுலேற்றர்.

அதன் அடிப்படை ஒரு எளிய கணக்கு. 12 வோல்றை 7805 மாதிரி ஒன்றால் 5 ஆக்கும்போது, மிச்ச 7 வோல்ற் சூடாகத்தான் போகும். வினைத்திறன் 42 வீதத்தைத் தாண்டாது. இதனால் எல்லாரும் வேகமாக ஆளி போட்டு எடுக்கிற சுற்றுகளுக்கு மாறினார்கள். வினைத்திறன் ஏறியது, கூடவே மின்காந்த இரைச்சலும் வந்தது. குலரத்ன அந்த 7 வோல்ற் விழுகிற வழியில் ஒரு சுப்பர் கொள்ளளவியைத் தொடராக வைத்தார். சூடாகப் போக வேண்டிய சக்தி அதில் சேரும். அது நிரம்பியதும் இணைப்பை மாற்றி, சேர்ந்ததை அதே ரெகுலேற்றருக்கே கொடுப்பார். பிறகு திரும்பவும் தொடர். கொள்ளளவி பெரிசு என்பதால் இந்த மாற்றம் மிக மெதுவாக நடந்தால் போதும், இரைச்சல் பிரச்சினை வராது. வினைத்திறனோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுப்பர் கொள்ளளவியைப் பற்றரிக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், "வீணாப் போற வோல்ற்றேஜை இது தாங்கிக்கொள்ளுமா?" என்று அவர் கேட்டார். இதற்குச் சில்லுத் தொழிற்சாலை தேவைப்படவில்லை. கடையில் வாங்கக்கூடிய பாகங்கள்தான்.

காப்புரிமை அங்கே எடுக்கப்பட்டது. அவர் போனதற்கு அவருக்கு என்ன காரணமோ, அதை நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த 2022ஐக் கண்ட நாடு இது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் 2025 பெப்ரவரியில் முழுத்தீவும் இருட்டான நாடு. கரண்ட் திரும்பி வரும்போது பிரிஜ் போகுமா, ரீவி போகுமா என்று பிளக்கைக் கழற்றி வைத்துக் காத்திருக்கிற நாடு. மின்வழங்கல் பற்றி ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் எது? எங்கட பல்கலைக்கழகத் திட்டங்களிலோ ஸ்மார்ட் என்ற சொல் இல்லாமல் தலைப்பு வருவதே குறைவு. ரெகுலேற்றர் பற்றி இறுதி வருடத் திட்டம் செய்கிறேன் என்றால், "அது பழசு மச்சான்" என்று கூட்டாளியே சொல்லுவான்.

அடுத்த கண்காட்சியில் நான் ஒரு மேசை கேட்கப் போகிறேன். ஒரு சாதாரண 1என்4148 இருவாயி, ஒரு 10 கிலோ ஓம் தடை, 7805இல் இருந்து 5 வோல்ற், ஒரு மல்ரிமீற்றர், ஒரு கோப்பையில் ஐஸ். பொலித்தீனில் சுற்றிய இருவாயியை ஐஸுக்குள் வைத்தால் வாசிப்பு ஏறும், விரலால் பொத்திப் பிடித்தால் இறங்கும். பாகைக்கு 2 மில்லிவோல்றை ஒட்டி வரும். சரியாக 2 வராது, ஏன் வரவில்லை என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். பிறகு 7805ஐ எடுத்துவிட்டு மலிவான சார்ஜர் ஒன்றில் இருந்து நேரே கொடுத்துப் பார்க்கலாம். ஆப் கிடையாது. நடுவர் நின்று கேட்டால் ஒரு தேத்தண்ணி தருவோம்.