தலையை எண்ணுவோர் தரையை அளக்கட்டும்!

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிய நாள்முதல், பிள்ளை பெற்றவளை வீடு தேடிச் சென்று பார்ப்பது இந்நாட்டின் நல்வழக்கம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். செல்வ நாடுகள் பலவும் எட்டாத நிலை இது.

ஆனால், தர்மபுரத்துத் தாய்க்கு அந்த நல்வழக்கம் எப்படிக் கிட்டும்? ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது அரசாங்கத்தின் அளவுகோல். கொழும்பில் அத்தனை பேரும் சில ஒழுங்கைகளுக்குள் அடங்குவர். இங்கோ, பரந்தன் – முல்லைத்தீவு வீதியை விட்டு இறங்கினால், வயலும் வாய்க்காலும் கடந்தே அடுத்த படலை. மாரியில் பாதையே சேறு.

பிரசவித்த முதல் பத்து நாளில் இருமுறை வரவேண்டுமென்பது விதி. அந்தப் பத்து நாளில்தான் மார்பு கட்டும், காம்பு வெடிக்கும், “பால் காணாது” என்ற பேச்சு எழும், பால்மா ரின் வீட்டுக்குள் நுழையும். கிழவிமாரைக் குறைகூறிப் பயனில்லை. அன்று பக்கத்தில் இருப்போர் அவர்களே! குழந்தையைச் சரியாக அணைத்துப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் குறை அது. உறிஞ்ச உறிஞ்சத்தானே பால் ஊறும்? அதைக் காட்டிக்கொடுக்க ஆள் வராமையால், நெல் விற்ற காசைக் கமக்காரன் பால்மாவுக்குக் கொடுக்கிறான்.

வன்னிக்குரிய ஆளணியைத் தூரத்தைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். மழைக்காலத்துப் பயணச் செலவையும் அந்த உத்தியோகத்தரின் தலையில் சுமத்தலாகாது. மாகாண சுகாதார அமைச்சு இதற்கு என்ன சொல்கிறது?